பூட்ஸ்ட்ராப்: ‘தன்னேற்றம்’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

கணினி தன் இயங்குதளத்தைத் தானே ஏற்றித் தொடங்குவதைக் குறிக்கும், புள்ளியியலிலும் ஒரு முறைக்குப் பெயரான பூட்ஸ்ட்ராப் என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்குக் காலணிவார், தற்சார்பு, பூட்டல் என மூன்று சொற்கள் இந்த இழையில் வந்துள்ளன. ‘தன் பூட்ஸ் வாரைப் பிடித்துத் தன்னையே தூக்கிக்கொள்ளுதல்’ என்ற மூல ஆங்கில மரபுத்தொடர் எங்கே பிறந்தது, எப்படிப் பொருள் மாறியது என்பதைப் பார்த்துவிட்டால் இவற்றை எடைபோடுவது எளிது.

பூட்ஸின் மேல்விளிம்பில் விரல் நுழையும் அளவுக்குத் தைத்திருக்கும் வளையமே அந்த வார். அதைப் பிடித்து இழுத்தால் கால் உள்ளே போகும். ஆள் மேலே போகமாட்டார். நம்பமுடியாத சாகசங்களை அளக்கும் மியூன்ஹவுசன் பிரபு என்ற கதைமாந்தர் சதுப்பில் சிக்கிய கதைதான் இத்தொடருக்கு மூலம் என்று பலரும் நம்புகிறார்கள். எஃப்ரானும் டிப்ஷிரானியும் 1993இல் வெளியிட்ட புள்ளியியல் பாடநூலும் அந்த நம்பிக்கையைக் குறிப்பிடுகிறது. ஆனால் 1786இல் பியூர்கர் என்ற கவிஞர் ஜெர்மனில் எழுதிய கதையில் பிரபு தன்னையும் குதிரையையும் தூக்குவது தன் சடையைப் பிடித்துத்தான். வாருக்கு அங்கே வேலையே இல்லை. நமக்குத் தெரிந்த பழைய அச்சுச் சான்று 1834ஆம் ஆண்டின் அமெரிக்க இதழ்க் குறிப்பு ஒன்று. ஓயாமல் இயங்கும் பொறியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்த நாஷ்வில்காரர் ஒருவர், இனித் தம் பூட்ஸ் வாரைப் பிடித்துத் தம்மையே தூக்கிக் கம்பர்லாந்து ஆற்றைக் கடந்துவிடுவார் என்று அது கேலி செய்தது. வாரை இழுத்து ஒருவர் தம்மை ஏன் தூக்கிக்கொள்ள முடியாது என்று 1888இல் ஸ்டீலின் இயற்பியல் பாடநூல் மாணவர்களைக் கேட்டது. அதாவது, அன்று அது நடக்கவே முடியாததைச் சுட்டிய தொடர். சொந்த முயற்சியால் முன்னுக்கு வருதல் என்ற பாராட்டுப் பொருள் 20ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது.

தற்சார்பு என்ற சொல் இந்தப் பிற்காலப் பொருளை மட்டுமே பிடிக்கிறது. கணினித் துறை எடுத்துக்கொண்டதோ பழைய முடிச்சை: நிரலை நினைவகத்தில் ஏற்ற ஒரு நிரல் வேண்டும், அந்த நிரலை ஏற்றுவது யார்? பழைய பயாஸ் முறையில் இந்த முடிச்சு அவிழும் விதம் அழகானது. வன்பொருளோடு வரும் பயாஸ் என்ற சிறு நிரல், வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படிக்கும். அதில் வட்டின் பிரிவுகளைப் பட்டியலிடும் பகிர்வு அட்டவணைக்கு 64, அது தொடக்கப் பகுதி என்று காட்டும் அடையாளத்துக்கு 2 போக, நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட்டுகள். அந்தக் கையளவு நிரல் தன்னைவிடப் பெரியதை ஏற்ற, அது இயங்குதளத்தை ஏற்றும்.

பூட்டல் என்ற பரிந்துரை என்னை உண்மையிலேயே ஈர்த்தது. ஒலி ஒத்துவருகிறது, ஏர் பூட்டுதல் என்பது உழவின் தொடக்கமும்கூட. ஆயினும் திரையில் ‘கணினி பூட்டப்படுகிறது’ என்று வந்தால், கடவுச்சொல் கேட்கப்போகிறது என்றே பயனர் நினைப்பார். கோப்புப் பூட்டு, திரைப் பூட்டு என்று அச்சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. காலணிவாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத் தொடரை அறியாதவருக்கு அது செருப்புக் கடையைத்தான் நினைவூட்டும்.

ஆகவே தன்னேற்றம் என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஏற்றுதல் என்பதற்கு மேலே தூக்குதல், சுமையை வண்டியில் வைத்தல் என்ற இரு பொருளும் தமிழில் இயல்பாகவே உள்ளன. மரபுத்தொடரின் தூக்குதலும் கணினியின் லோடிங்கும் ஒரே வினையில் அடங்கிவிடுகின்றன. தன்னாட்சி போலவே புணர்வதால் நாவிலும் இடறாது. பூட்ஸ்ட்ராப் லோடரைத் தன்னேற்றி எனலாம். ஒரு நிரல்மொழியின் தொகுப்பியை (கம்பைலரை) அதே மொழியில் எழுதுவதற்கும் இச்சொல் பொருந்தும். அன்றாடம் நாம் சொல்லும் ‘சிஸ்டம் பூட் ஆகவில்லை’ என்பதற்குத் ‘தொடங்கவில்லை’ என்பதே போதும்; அங்கே இச்சொல்லைத் திணிக்க வேண்டாம்.

புள்ளியியலில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. 1979இல் எஃப்ரான் இப்பெயரிட்ட முறையில், கையிலுள்ள மாதிரியிலிருந்தே, எடுத்ததைத் திரும்ப இட்டு, மீண்டும் மீண்டும் மாதிரி எடுக்கிறோம். அங்கே எதுவும் ஏற்றப்படுவதில்லை. மீள்மாதிரி என்றால் அது ஒவ்வொரு தரவாக விட்டுவிட்டுக் கணக்கிடும் ஜாக்நைஃப் போன்ற பிற முறைகளையும் தழுவும் பொதுச்சொல்லாகிவிடுகிறது. தன்மீள்மாதிரி என்று வேறுபடுத்தலாமா என்பதைப் புள்ளியியல் கற்பிப்போர் சொல்ல வேண்டுகிறேன்.