எழுத்து எல்லாம் தெரியுது, வார்த்தையா படிக்க மாட்டேங்கறான். அசை பிரிச்சு சொல்லித்தரலாமா?

குட்டிப்பையன்அம்மா:
பையன் ரெண்டாம் கிளாஸ். எழுத்த தனித்தனியா காமிச்சா டக்குனு சொல்லிடறான், வார்த்தையா வந்தா "ப… இட்… ட… இம்"னு ஒவ்வொண்ணா நிறுத்தி நிறுத்தி கடைசில அது பட்டம்னு அவனுக்கே தெரிய மாட்டேங்குது. இங்கிலீஷ்ல சிலபிள் சிலபிளா கை தட்டி சொல்லித்தருவாங்களே, அந்த மாதிரி தமிழுக்கும் பண்ணலாமா? எங்க வெட்டறதுன்னு ரூல் ஏதாச்சும் இருக்கா?

சாக்பீஸ்:
தாராளமா பண்ணலாம்மா. உயிர்மெய் ஒவ்வொண்ணும் ஏற்கனவே வாய்ல முழுசா வர்ற சத்தம்தான், இடிக்கறது புள்ளி வெச்ச எழுத்து மட்டும்தான், அத தனியா சொல்ல வெச்சா இந்த "இட்", "இம்" எல்லாம் வந்து நடுவுல உக்காந்துக்கும். புள்ளி எழுத்து முன்னாடி இருக்கற எழுத்தோட ஒட்டிக்கும்னு மட்டும் சொல்லிக்குடுங்க. பட்-டம், சிங்-கம், வண்-ணத்-துப்-பூச்-சி. ரெண்டு புள்ளி சேந்து வந்தாலும் அப்படியேதான், வாழ்த்-து. புள்ளி இல்லாதது தனியா நிக்கும், கு-தி-ரை. முதல்ல கல், மண், கண்னு ஒரே தட்டுல முடியறத நல்லா பழக்கிட்டு அப்புறம் பட்டத்துக்கு வாங்க.

வெண்பாபிரியன்:
இலக்கணத்துலயே நேரசை நிரையசை இருக்கே, அதையே சொல்லித்தரலாமே? அதுபடி "மரம்" ஒரே அசை, நீங்க சொல்றபடி ம-ரம்னு ரெண்டு வருது.

சாக்பீஸ்:
சார் அது செய்யுளுக்கு. அதுல குறிலுக்கு அடுத்து வர்ற எழுத்தையும் சேத்து ஒரே அசையா எடுப்போம், மரம் நிரை. கை தட்டினா ரெண்டு தட்டுதான் வரும். ஏழு வயசுல இப்படி நேர் நிரைனு பிரிச்சு அலகிடறதெல்லாம் வேணாம் சார், பாவம்.

ராத்திரி_ஹோம்வொர்க்:
எங்க பொண்ணு புள்ளியெல்லாம் சமாளிச்சுட்டா, "கொடி"ய "கெரடி"ன்னு படிப்பா 😀 கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் இருக்கா, அந்த கால் அவளுக்கு ர மாதிரி தெரியுது. மூணையும் சேத்து ஒரே வட்டம் போட வெச்சப்புறம் சரியாச்சு. அப்புறம் நீள வார்த்தைல இந்த தட்டற வேலை ஆகாதுங்க, "பள்ளிக்கூடத்திலிருந்து" எட்டு துண்டு வருது, கடைசிக்கு போறதுக்குள்ள முதல் துண்டு மறந்துடும், நான் பின்னாடி பாதிய விரலால மறைச்சு "பள்ளிக்கூடம்" வரைக்கும் தெரிஞ்சுக்க விட்டுட்டு அப்புறம்தான் விரல எடுப்பேன்.

குட்டிப்பையன்அம்மா:
ரொம்ப தேங்க்ஸ். இன்னிக்கு துண்டு துண்டுக்கு நடுவுல கோடு போட்டு பாத்தோம், பட்டம் வந்துடுச்சு! ஆனா சிங்கத்த "சிங்"னு சொல்லிட்டு "கம்"ம கல்லுல வர்ற க மாதிரி அழுத்தி சொல்றான்.

சாக்பீஸ்:
அது வரும்மா, வெட்டி சொன்னா க கல்லுல வர்ற மாதிரிதான் கேக்கும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப அஞ்சுலயும் இந்த கூத்து உண்டு. துண்டா ஒரு தடவை, உடனே கோட்ட அழிச்சுட்டு சேத்து வேகமா ஒரு தடவை சொல்ல வெய்ங்க. கோடு போட்ட பேப்பரையே நாள் பூரா படிக்க விடாதீங்க, அப்புறம் கோடு இல்லாம படிக்கவே மாட்டான்.