14 வயதுப் பொடியனின் கழுத்து கறுக்கிறது, சீனி சோதிக்க வேண்டுமா?

களுதாவளை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மூத்தவனுக்கு 14 வயது. சில மாதமாகப் பிடரித் தோல் கறுத்து, தொட்டால் வெல்வெட் துணி மாதிரித் தடிப்பாக இருக்கிறது. கமக்கட்டிலும் அதே கறுப்பு. மாமி ஞாயிற்றுக்கிழமைகளில் கடலை மாவும் தேசிக்காயும் பூசித் தேய்த்துவிடுகிறார். தோல் சிவந்ததுதான் மிச்சம்.

என் கணவருக்கு 38 வயதில் சீனி வருத்தம் (நீரிழிவு) பிடித்தது. இவன் வயிற்றில் இருந்தபோது எனக்கும் சீனி கூடியிருந்தது, பிறந்த பிறகு இறங்கிவிட்டது. பொடியன் கொஞ்சம் குண்டுதான். எங்கள் பக்கத்தில் அதை 'நல்ல வளர்த்தி' என்றுதான் சொல்வார்கள். ரியூசன் விட்டு வரும் வழியில் ரோல்ஸும் சோடாவும், வீட்டுக்கு வந்தால் பால்தேத்தண்ணி, அதில் மூன்று கரண்டி சீனி. முந்தி கிரிக்கெட் என்று ஓடியவன் இப்போது போனோடு படுத்துக் கிடக்கிறான். ஆனால் தாகம், அடிக்கடி சலம் போவது, மெலிவு ஒன்றும் இல்லை.

ஒரு டிஸ்பென்சரியில் காட்டியபோது, 'இந்த வயதில் என்ன சீனி, சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள்' என்று பூச்சு மருந்து தந்து அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஊசி போடுகிற வகை மட்டும்தானே வரும்? சோதிப்பதென்றால் எதைச் சோதிப்பது?

வாழைச்சேனை வாசி:

தங்கச்சி, வெயிலில் விளையாடிய கழுத்து கறுக்காமல் என்ன செய்யும்? பிள்ளையை ஊசி குத்திப் பயப்படுத்தாதீர்கள்.

கல்முனை மிஸ்ஸி (ஓய்வுபெற்ற தாதி):

விளையாடுவதையே விட்டுவிட்டான் என்று அவர் எழுதியிருக்கிறாரே தம்பி, பிறகு எந்த வெயில்? கமக்கட்டில் வெயில் படுமா?

தங்கச்சி, முதலில் மாமியிடமிருந்து தேசிக்காயை வாங்கி வையுங்கள். அது ஊத்தை இல்லை. இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்துகிற இன்சுலின் உடம்பில் இருக்கிறது, ஆனால் தசையும் ஈரலும் அதன் சொல் கேட்பதில்லை. கேட்க வைக்கக் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. அப்படிக் கூடிப்போன இன்சுலின்தான் தோலைத் தடிப்பாக்கிக் கறுக்க வைக்கிறது. இரத்தத்தில் சீனி ஏற முன்னமே கழுத்தில் தெரிந்துவிடலாம். கறுப்பைப் பார்த்தவுடன் சீனி வருத்தம் என்று முடிவு கட்டவும் முடியாது, சோதிக்காமல் விடவும் முடியாது.

ஊசி போடுகிற வகை 1 வேறு. பெரியவர்களுக்கு வருகிற வகை 2 இப்போது பதின்ம வயதிலும் வருகிறது. பருவமடையும் காலத்தில் வளர்ச்சி ஹோர்மோன் கூடி, இன்சுலினின் வேலையைக் கொஞ்சம் தடுப்பது இயல்பு. நிறையும் கூடி, குடும்பத்திலும் இருந்தால் கணையத்துக்குத் தாங்காது. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டி, நிறை கூடிய பிள்ளையை 10 வயதில், அல்லது அதற்கு முன்பே பருவமடைந்தால் அப்போதே, சோதிக்கச் சொல்கிறது. நிறையோடு இன்னும் ஒன்று இருந்தாலே போதும்: குடும்பத்தில் சீனி, தாய்க்குக் கர்ப்பத்தில் சீனி, இந்தக் கறுப்பு, பிரஷர், பெண்பிள்ளை என்றால் சூலகத்தில் நீர்க்கட்டி. உங்கள் மகனிடம் மூன்று இருக்கிறது.

தாகம் இல்லையே என்று ஆறுதல்பட வேண்டாம். வகை 2 சத்தம் போடாமல் இருக்கும். சின்ன வயதில் பிடித்தால் பெரியவர்களை விடக் கெதியாக முற்றி, கண்ணையும் சிறுநீரகத்தையும் தொடும். ஆனால் எந்தப் பிள்ளையாவது திடீரென்று மெலிந்து, தண்ணீர் தண்ணீராகக் குடித்து, சத்தியெடுத்துச் சோர்ந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. 1990 அம்புலன்ஸுக்கு அடித்து உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

ஆய்வுகூடத் தம்பி:

அக்கா, வெறும் வயிற்றில் சீனி பார்க்கிற சோதனைக்கு முன் 8 மணித்தியாலம் தண்ணீர் மட்டும். 'சாப்பிடவில்லை' என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்து வருபவர்களைத் தினமும் பார்க்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். வெறும் வயிற்றில் 100க்குக் கீழே சரி, 100 முதல் 125 வரை எல்லைக்கோடு, 126உம் அதற்கு மேலும் சீனி வருத்தம் (டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கு). எச்பிஏ1சி என்கிற இரத்தச் சோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும், அதற்குப் பட்டினி தேவையில்லை. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5இல் இருந்து வருத்தம். இரத்தச்சோகையோ தலசீமியாவோ இருந்தால் எச்பிஏ1சி பிழைக்கும், டொக்டரிடம் சொல்லுங்கள். வீட்டு மெஷினில் விரல் குத்திப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அறிகுறி இல்லாத பிள்ளைக்கு ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் பெயர் சூட்டுவதும் இல்லை, திரும்பச் சோதிப்பார்கள்.

அக்கரைப்பற்றுப் பொடியன்:

எனக்கு ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) வருடத்தில் வகை 2 என்று சொன்னார்கள். பாடசாலை மருத்துவச் சோதனைக்கு வந்த டொக்டர் கழுத்தைப் பார்த்துக் கடிதம் எழுதித் தந்ததில்தான் தெரிய வந்தது. இப்போது மெட்போமின் குளிசை எடுக்கிறேன், பந்தும் அடிக்கிறேன்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன் அக்கா, தம்பிக்கு மட்டும் தனிக் கோப்பை வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் முதல் மாதம் எனக்குக் குரக்கன் பிட்டு, மற்றவர்களுக்குப் புரியாணி. யாருக்குத்தான் பிடிக்கும்? பிறகு உம்மா எல்லோருக்கும் ஒரே சாப்பாடாக்கினா: சோறு குறைய, மீனும் சுண்டலும் கூட. சொந்தக்காரர் வந்து 'இந்த வயசிலயேயா!' என்று வாயில் கை வைப்பதுதான் ஊசியை விட வலிக்கும். அவர்களை வாசலிலேயே சமாளியுங்கள்.

சோடாவுக்குத் தடை போட்டால் ஒளித்துக் குடிப்பான். போத்தலில் இருக்கும் நிற வட்டத்தைக் காட்டுங்கள். 2016இல் இருந்து போடுகிறார்கள், 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. 400 மில்லிலீற்றர் குடித்தால் 44 கிராம், ஏறக்குறைய 11 தேக்கரண்டி. அந்தச் சீனியைக் கோப்பையில் அள்ளிப் போட்டுப் பார்த்த பிறகு எனக்கே மனம் வரவில்லை.

களுதாவளை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. ரிப்போர்ட் வந்துவிட்டது. வெறும் வயிற்றில் 112, எச்பிஏ1சி 5.9. எல்லைக்கோடுதான், இப்போது மருந்து வேண்டாம், நிறையைப் பார்த்துக்கொண்டு மூன்று மாதத்தில் திரும்ப வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாமி கடலை மாவை விட்டுவிட்டார், தனக்கும் இரத்தம் குத்த வேண்டுமாம்.

தினமும் ஒரு மணித்தியாலம் ஓடி விளையாட வேண்டும் என்கிறார்கள். பின்னேரம் முழுக்க ரியூசன். ஒரு வகுப்பை நிறுத்துவோம் என்றால் என் கணவர் முறைக்கிறார். களுவாஞ்சிகுடிப் பக்கம் காலையில் பிள்ளைகளைச் சேர்த்துக் கிரிக்கெட் பழக்குகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா?