பருப்பை விட்டேன், சிராப்பை விடவில்லை: கௌட் வந்தவர்களின் அனுபவங்கள்

பிறைக்காரன்:

போன வருடம் தைப்பூசம் முடிந்த மறுநாள், விடியற்காலை மூன்று மணி இருக்கும். வலது கால் பெருவிரலில் யாரோ ஆணி இறக்குவது போல வலி. போர்வை உரசினால்கூட உயிர் போனது. விரல் தக்காளிப் பழம் மாதிரி சிவந்து வீங்கிவிட்டது.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். நாற்பத்தெட்டு நாள் விரதம், கவுச்சி வாடையே கிடையாது. கௌட், அதாவது ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடி மூட்டில் படிகமாகப் படிவதால் வரும் வலி, ஆடு, இறால், நண்டு தின்கிறவனுக்கு வருவது என்றல்லவா நாம் கேள்விப்பட்டிருக்கிறோம்!

முதலில் போன கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். யூரிக் ஆசிட் 390. "பெரிதாக ஒன்றுமில்லை, சுளுக்காக இருக்கும்" என்று எண்ணெயும் ஒரு நாள் எம்.சி.யும் (மருத்துவ விடுப்புச் சீட்டு) கொடுத்து அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து வேறு இடத்தில் பார்த்தபோது 560. வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் அளவு இறங்கிக் காட்டலாமாம். வலி அடங்கி இரண்டு வாரமாவது கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று இரண்டாவது டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. நம் மலேசிய ரிப்போர்ட்டில் மைக்ரோமோல் கணக்கில் போடுவார்கள், 360க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இந்தியாவில் மில்லிகிராம் கணக்கில் 6 என்று சொல்வதும் இதே அளவுதான், குழம்பிவிடாதீர்கள்.

அப்புறம் அந்த டாக்டர், தைப்பூசத்தன்று என்னவெல்லாம் குடித்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரதத்தோடு பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் வரை நடந்தேன். வெயிலில் வேர்த்துக் கொட்டியது. பச்சைத் தண்ணீர் அதிகம் குடிக்கவில்லை, ஆனால் தண்ணீர்ப் பந்தலில் நீட்டிய சிராப் (ரோஜா சர்பத்), பண்டுங் (அதில் பால் கலந்தது) எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்துக் கோப்பையாவது இருக்கும். சீனியில் பாதி ஃபிரக்டோஸ், அதைக் கல்லீரல் உடைக்கும்போது யூரிக் ஆசிட் சேர்ந்தே உருவாகும் என்றார். உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகம் அதை வெளியேற்றுவதும் குறையும். விரதத்தில் உடம்பு மளமளவென்று இளைத்தால் அதுவும் ஒரு காரணமாகுமாம். ஆக, மூன்றும் ஒரே நாளில் எனக்குக் கூடி வந்திருக்கின்றன.

செந்தூல் மருமகள்:

எங்கள் வீட்டில் மாமாவுக்கு. கௌட் என்று தெரிந்ததும் அத்தை சமையலறையில் ஒரு பட்டியலே போட்டுவிட்டார். பருப்பு கூடாது, பசலைக்கீரை கூடாது, தௌஹூ (சோயாக்கட்டி) கூடாது, டவுகே (முளைப்பயறு) கூடாது, காளான் கூடாது. சாம்பார் இல்லாத வீடாகிவிட்டது. ஆனால் மாமா தினமும் காலையில் பசியாறுவது நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, மேலே ஒரு கரண்டி சம்பல் இக்கான் பிலிஸ் (நெத்திலிச் சம்பல்). சனிக்கிழமை ஆட்டு ஈரல் வறுவல். வாரத்தில் இரண்டு நாள் பான் மீ என்ற சீன நூடுல்ஸ் சூப். அந்தச் சூப்பே நெத்திலியை வேகவைத்து எடுத்த சாறு, மேலே தூவுவதும் வறுத்த நெத்திலி!

உணவு ஆலோசகர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். உடம்பில் யூரிக் ஆசிட்டாக மாறும் பியூரின் மிக அதிகம் உள்ளவை ஈரல், மண்ணீரல், நெத்திலி, மத்தி இவைதான். கீரையிலும் பருப்பிலும் பியூரின் இல்லாமல் இல்லை, ஆனால் அவற்றால் கௌட் கூடுவதாகத் தெரியவில்லை என்றார். 47,000க்கும் மேற்பட்ட ஆண்களை 12 வருடம் கவனித்து 2004இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கௌட் கூடுதலாக வந்தது. பியூரின் உள்ள காய்கறிகளால் கூடவில்லை. கொழுப்பு குறைந்த பால், தயிர் சாப்பிட்டவர்களுக்குக் குறைவாகவே வந்தது.

அத்தையை நம்ப வைக்கத்தான் ஆறு மாதம் ஆனது. "ஆய்வு கிடக்கட்டும், பக்கத்து வீட்டுச் சீனத்தி தௌஹூ கூடாது என்றாளே" என்பார். இப்போது சாம்பார் திரும்பி வந்துவிட்டது. இக்கான் பிலிஸ்தான் இன்னும் பிரச்சினை. மாமா தாப்பாவ் (கடையில் கட்டி வாங்கிய) பொட்டலத்தை மோட்டார் சீட்டுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவருகிறார்.

லாரி அண்ணன்:

எனக்குப் பீர். வேறு எதுவுமில்லை. மூன்று வருடம் முட்டைக்கோஸ் மீது பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜெலுத்தோங் டீச்சர்:

பீரும் இல்லை, ஈரலும் இல்லை, சிராப்பும் இல்லை, எனக்கும் வந்தது. வயது 61. மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் துணை இருக்கிறது, யூரிக் ஆசிட்டை வெளியேற்ற அது உதவும். அதற்குப் பிறகு அந்தப் பாதுகாப்பு போய்விடும். கூடவே நான் ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிட்ட மாத்திரை தயாசைட், அதாவது சிறுநீர் போகவைக்கும் வகை. அது யூரிக் ஆசிட்டைக் கூட்டும். டாக்டர் அதை மாற்றி லோசார்டான் கொடுத்தார். அது அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளும், யூரிக் ஆசிட்டையும் கொஞ்சம் இறக்கும். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். அடுத்த முறை கிளினிக் போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், போதும்.

பிறைக்காரன்:

டீச்சர் சொன்னது சரி. சாப்பாட்டோடு முடிகிற விஷயம் இல்லை. நான் ஐந்து மாதம் ஒழுங்காக இருந்தேன். மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) இனிப்புப் பால் டீயான தே தாரிக் போய், பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங் வந்தது. (கொசோங் என்று சொன்னாலும் பழக்க தோஷத்தில் அரைக் கரண்டி சீனி போட்டுவிடுகிறார்கள், நின்று பார்க்க வேண்டும்.) கறிக்குழம்புகள் ஊற்றிய சோறான நாசி கண்டாரை விடவில்லை. ஒரு துண்டு கோழி, நிறைய வெண்டைக்காய், முட்டை. ஈரலும் கணவாயும் இல்லை. குழம்பை முன்பு மாதிரி வெள்ளமாக ஊற்றச் சொல்வதில்லை. இவ்வளவு செய்தும் 560 இறங்கி 500இல் நின்றுவிட்டது. டாக்டருக்கு அதில் வியப்பே இல்லை. சாப்பாட்டால் பெரும்பாலும் அவ்வளவுதான் இறங்குமாம்.

பிறகு யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபூரினால் மாத்திரை, 100 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக. கூட வேலை செய்யும் சீன நண்பருக்கு இதே மாத்திரை தருவதற்கு முன் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். இந்த மாத்திரையால் கடுமையான தோல் ஒவ்வாமை வரவைக்கும் ஒரு மரபணு சீனர்களிடம் அதிகம். எனக்கும் உடம்பில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஓடிவரச் சொன்னார்கள். தடிப்பு வரவில்லை, ஆனால் இரண்டாம் மாதம் கால் மறுபடி வீங்கியது. மாத்திரையைத் தூக்கி எறியலாம் என்று இருந்தேன். அளவு இறங்கும்போது மூட்டில் படிந்த படிகம் கரைவதால் தொடக்கத்தில் இப்படி வரும், நிறுத்தாதே என்று சொல்லிக் கொல்சிசின் கொடுத்தார். அது வலியை அடக்கியது, கழிவறையிலும் குடியிருக்க வைத்தது. இப்போது 340.

செந்தூல் மருமகள்:

அப்படியானால் இந்த வருடம் தைப்பூசத்துக்கு நடந்தீர்களா?

பிறைக்காரன்:

நடந்தேன். இரண்டு லிட்டர் தண்ணீரைத் தோளில் மாட்டிக்கொண்டு. பந்தலில் என் தம்பிதான் ஊற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சிராப் ஜாடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மோரை நீட்டினான்.