தரவிறக்கிய தொடர்கள் டிவியில் ஓட மறுக்கின்றன: இணையம் நிலைக்காத மலை வீட்டுக்கு என்ன வழி?

சேரம்பாடி ஆசிரியை:

வணக்கம். பந்தலூர் வட்டத்தில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. ஜூன் பிறந்துவிட்டால் இங்கே இணையத்தை நம்ப முடியாது. மரம் சாய்ந்தால் கேபிள் அறுந்துவிடுகிறது. மழை வலுத்தால் டிஷ் ஆன்டெனாவிலும் படம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிடுகிறது. என் மாமியாருக்குப் பார்வை குறைவு. போன் திரையில் யார் முகமும் அவருக்குத் தெரிவதில்லை. டிவிக்கு அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால்தான் பார்க்க முடிகிறது. வாசல் தாண்ட முடியாத அந்த மாதங்களில் அவருக்குத் துணை அந்தத் தொடர்கள்தாம்.

அதனால் கூடலூரில் தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அங்குள்ள வைஃபையில் அத்தியாயங்களை என் ஆண்ட்ராய்டு போனில் இறக்கிக்கொண்டு வருகிறேன். போனில் பிசகில்லாமல் ஓடுகின்றன. டிவிக்குத்தான் போக மறுக்கின்றன. மெமரி கார்டை டிவியில் செருகினால் எண்ணும் எழுத்துமாகப் பெயர்கள் தெரிகின்றன, எதுவும் திறப்பதில்லை. காஸ்ட் பொத்தானை அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடையில் வாங்கிய எச்.டி.எம்.ஐ. வயரில் போனின் முகப்பும் புகைப்படங்களும் டிவியில் வருகின்றன. தொடரை ஓட்டியதும் பேச்சு மட்டும் கேட்கிறது, திரை கருப்பு. தங்கை தன் செட்-டாப் பாக்ஸில் பென் டிரைவில் பதிவு செய்து கொடுத்ததும் எங்கள் பாக்ஸில் ஓடவில்லை. மாதாமாதம் சந்தா கட்டுகிறோம். எங்கே தடை என்று யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

குன்னூர் மெக்கானிக்:

சகோதரி, உங்கள் கருவிகளில் ஒன்றும் பழுதில்லை. காஸ்ட் தவிர மற்ற மூன்று இடத்திலும் உங்களைத் தடுப்பது நகல் பாதுகாப்புதான், ஆனால் ஒவ்வொரு இடத்திலும் வெவ்வேறு வகையில்.

செயலி இறக்கும் வீடியோ மறையாக்கம் செய்யப்பட்டது. அதைத் திறக்கும் சாவி தனியாக, உரிமம் என்ற பெயரில், உங்கள் போனுக்கென்று மட்டும் வருகிறது. ஆண்ட்ராய்டில் இதைக் கவனிப்பது கூகுளின் வைட்வைன், ஆப்பிள் கருவிகளில் ஃபேர்பிளே, மைக்ரோசாஃப்டுக்கு பிளேரெடி. மெமரி கார்டில் இருப்பது பூட்டிய பெட்டி மட்டுமே, சாவி போனுக்குள் இருக்கிறது. கார்டை டிவியில் செருகினாலும் மகளின் போனில் செருகினாலும் இதே கதிதான்.

காஸ்ட் செய்யும்போது போனிலிருந்து படம் டிவிக்குப் போவதில்லை. எந்த நிகழ்ச்சி என்று போன் சொல்கிறது, டிவி தானே இணையத்துக்குப் போய் அதை எடுத்துக்கொள்கிறது. வீட்டில் இணையம் இல்லாதபோது வட்டம் சுற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அந்த வயரை முதன்முதலில் செருகியபோது ஏதாவது செயலியை நிறுவச் சொன்னதா?

சேரம்பாடி ஆசிரியை:

ஆமாம் ஐயா. பெட்டியிலேயே கியூ.ஆர். குறியீடு இருந்தது. திரையைப் பதிவு செய்ய அனுமதி கேட்டது, கொடுத்தேன்.

குன்னூர் மெக்கானிக்:

அங்கேதான் விடை இருக்கிறது. உண்மையான காட்சி வெளியீடு உள்ள போனுக்கு எந்தச் செயலியும் தேவையில்லை. டைப்-சி துளை இருந்தால் மட்டும் போதாது, அதற்குள் படத்தை நேராக வெளியே அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் வசதி இருக்க வேண்டும். குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் அது கிடையாது. உங்கள் வயர் போன் திரையைப் படம்பிடித்து டிவிக்கு அனுப்புகிறது. பாதுகாக்கப்பட்ட வீடியோ ஓடும்போது திரையைப் படம்பிடிக்க ஆண்ட்ராய்டு அனுமதிப்பதில்லை, அதனால்தான் கருப்பு. டிஸ்ப்ளேபோர்ட் உள்ள போனிலும் வயர், மாற்றி (அடாப்டர்), டிவி மூன்றும் எச்.டி.சி.பி. என்ற பாதுகாப்பை ஏற்க வேண்டும். பழைய கணினித் திரைகளின் வி.ஜி.ஏ. முனைக்கோ பழைய டிவிகளின் மூன்று வண்ண முனைகளுக்கோ மாற்றும் பெட்டிகளில் பெரும்பாலும் படம் வராது.

இதைச் சொல்லும்போதே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சந்தா கட்டாதவர் வேறு வழியில் பார்த்துவிட்டுப் போகிறார். கட்டியவர், அதிலும் சிக்னல் இல்லாத மலையில் இருப்பவர், தன் வீட்டு டிவியில் பார்க்க இத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது.

ஊட்டி 643001:

பூட்டை நீக்கித் தரும் மென்பொருள்கள் இணையத்தில் கிடைக்கின்றனவே. ஒருமுறை மாற்றிவிட்டால் எதிலும் ஓடும்.

கோத்தகிரி வழக்கறிஞர்:

ஆசிரியைக்கு அந்த வழி வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பாதுகாப்பை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம் என்கிறது. அதோடு, அப்படிப்பட்ட மென்பொருள்கள் பல உங்கள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அதை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

தேவாலா:

அக்கா, நாங்களும் அதே மழையில் இருப்பவர்கள். தங்கை பதிவு செய்த பென் டிரைவ் உங்கள் பாக்ஸில் ஓடாததற்குக் காரணம், அந்தப் பதிவு தங்கையின் பாக்ஸோடு பிணைக்கப்பட்டது. கணினியிலும் திறக்காது. ஆனால் உங்கள் பாக்ஸில் பதிவு வசதி இருந்தால், வீட்டிலேயே, மழை விட்ட நேரத்தில் பதிவு செய்துகொள்ளலாமே? பதிவான பாக்ஸும் டிவியும் ஒரே இடத்தில் இருப்பதால் தடை எழாது. எங்கள் வீட்டில் மறுஒளிபரப்பு வரும் காலை நேரத்துக்குப் பதிவைக் குறித்து வைத்துவிடுவோம். அம்மா மாலையில் பார்ப்பார். ரிமோட்டில் சிவப்பு வட்டப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பென் டிரைவை முதலில் செருகும்போது அதிலுள்ளதை அழித்துப் புதிதாக வடிவமைக்கச் சொல்லக்கூடும், ஆகவே குடும்பப் புகைப்படங்கள் இருப்பதைச் செருகாதீர்கள்.

குன்னூர் மெக்கானிக்:

தேவாலாக்காரர் சொன்னது நல்ல வழி. மடிக்கணினி இருந்தால் இன்னொன்றும் உண்டு. உங்கள் சேவையின் விண்டோஸ் செயலியில் தரவிறக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லாவற்றிலும் இல்லை, நெட்ஃபிளிக்ஸ் 2024இல் அதை நீக்கிவிட்டது. இருந்தால் கணினியிலேயே இறக்கி, அதன் எச்.டி.எம்.ஐ. துளையிலிருந்து சாதாரண வயரை டிவிக்கு இழுங்கள். மாற்றிப் பெட்டி எதுவும் இடையில் வேண்டாம்.

சேரம்பாடி ஆசிரியை:

தங்கை மகனின் மடிக்கணினியில் இறக்கி எடுத்து வந்தோம். டிவியில் படமும் ஒலியும் சேர்ந்தே வருகின்றன! அத்தை நேற்று இரவு உணவையும் மறந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் பாக்ஸில் சிவப்புப் பொத்தானும் இருக்கிறது; வேறு பென் டிரைவ் வாங்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: முன்பு போனில் இறக்கிய சில அத்தியாயங்கள் சில நாளில் 'காலாவதி' என்று காட்டின. இதிலும் அப்படி ஆகுமா?

குன்னூர் மெக்கானிக்:

ஆகும். உரிமத்துக்குக் கெடு உண்டு. தொடாமல் வைத்திருந்தால் 30 நாள், பார்க்கத் தொடங்கினால் 48 மணி நேரம் என்பது சில சேவைகளின் வழக்கம். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறவும் செய்யும். ஆகவே ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக எல்லா அத்தியாயங்களையும் தொட்டுப் பார்க்காதீர்கள், தொட்டவுடன் கெடு ஓடத் தொடங்கிவிடும். கூடலூரிலிருந்து பஸ் ஏறுவதற்கு முன் வைஃபையை அணைத்து, முதல் அத்தியாயத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள். கணினியின் தேதியும் நேரமும் சரியாக இருக்க வேண்டும். பேட்டரி செத்து கடிகாரம் பின்னுக்குப் போனால் நல்ல உரிமமும் செல்லாது என்று காட்டும். காலாவதியானதை அழிக்க வேண்டாம். அடுத்த முறை இணையம் கிடைக்கும்போது செயலியைத் திறந்தால் பலவற்றுக்கு உரிமம் மட்டும் புதுப்பிக்கப்படும், முழுவதையும் மறுபடி இறக்க வேண்டியிருக்காது.