சர்வரில் ‘அச்சாகிறது’, கிளையில் ஒன்றும் வரவில்லை: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

ஓசூர்_கிடங்கு:

தலைமை அலுவலகத்தில் சோலாரிஸ் (யூனிக்ஸ் வகை) சர்வர், ஓசூர் கிடங்கில் லேசர் பிரிண்டர், நடுவில் விபிஎன் (இணையத்தின் வழியே போகும் தனி இணைப்பு). கேட் பாஸ் கொடுத்தால் உடனே வந்துவிடும். இன்வாய்ஸ் மட்டும் வராது. அச்சு நிலையைக் காட்டும் எல்பிஸ்டாட் கட்டளையில் பார்த்தால் மணிக்கணக்காக ‘அச்சாகிறது’ என்றே இருக்கும். பிரிண்டரை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள். கடைசியில் கிடங்கு மேலாளர் அங்கிருந்த கிளார்க் பையனை, மெஷினைத் தொடவே தெரியாதவன் என்று எல்லார் முன்னாலும் திட்டினார். நான் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். திட்டு முடிந்ததும் அவன் என்னிடம் மெதுவாக, “சார், டேட்டா லைட்டு மட்டும் மினுக்கிட்டே இருக்கு சார். ஏதோ கொஞ்சம் வந்து அப்படியே நின்னுபோன மாதிரி இருக்கு” என்றான்.

நெட்வொர்க்கில் போய்வரும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) காட்டும் ஸ்னூப் போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் திரையிலும் இருந்தது. முதலில் போகும் சின்ன பாக்கெட்டுகளுக்கெல்லாம் பதில் வருகிறது. முதல் 1500 பைட் பாக்கெட் கிளம்பியதும் எதிர்ப்பக்கம் பேச்சே இல்லை. அதே பாக்கெட் திரும்பத் திரும்பப் போகிறது, இடைவெளி மட்டும் கூடிக்கொண்டே. விபிஎன் தன் தலைப்புகளைச் சேர்த்ததும் 1500 அந்த வழியில் நுழையாது. சர்வரோ ‘துண்டாக்காதே’ என்ற குறியோடுதான் அனுப்புகிறது. ‘பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு’ என்று ரவுட்டர் திருப்பி அனுப்பும் ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழையறிவிப்பு) செய்தியை ஃபயர்வால் தடுத்துவிட்டது. கேட் பாஸ் சில நூறு எழுத்து, ஒரே பாக்கெட்டில் அடங்கிவிடும். இன்வாய்ஸில் லோகோ இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ரவுட்டரில் டிசிபி எம்எஸ்எஸ்ஸை, அதாவது ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவை, 1360 ஆக்கினோம், அன்றே சரியாகிவிட்டது.

அந்தப் பையனிடம் யாரும் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை. ‘சின்னது வருகிறது, பெரியது வரவில்லை’ என்று யாராவது சொன்னால் தயவுசெய்து பிரிண்டரில் கை வைக்காதீர்கள், ஆளையும் திட்டாதீர்கள்.

மாசக்கடைசி:

எங்களுடையது சம்பள சீட்டு. ஆளுக்கு ஒரு ஜாப், எல்பிடி (யூனிக்ஸின் பழைய அச்சு நெறிமுறை) வழியாகத் தொழிற்சாலைக்குப் போகும். 11 சீட்டு படபடவென்று வரும், அப்புறம் நின்றுவிடும். சில நிமிடம் கழித்து மறுபடி ஒரு கொத்து வரும், மறுபடி நிற்கும். ஷிப்ட் முடிந்த தொழிலாளிகள் வரிசையாக நிற்கிறார்கள். பிரிண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பார்த்துவிட்டு, “தம்பி, எப்பவும் பதினொண்ணுலதான் நிக்குது” என்றார்.

அந்த எண்ணைக் கேட்டதும்தான் விளங்கியது. எல்பிடிக்கான விதி ஆவணம் ஆர்எஃப்சி 1179, 1990-இல் வந்தது. அனுப்பும் கணினி 721 முதல் 731 வரையுள்ள போர்ட்களிலிருந்துதான் (இணைப்பு எண்களிலிருந்துதான்) இணைப்பு எடுக்க வேண்டும் என்கிறது. மொத்தமே 11 போர்ட். எங்கள் பழைய பெட்டியில் இருந்த எல்பிடி கிளையன்ட் அதை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியது. இணைப்பு முடிந்த பிறகும் டிசிபி அந்தப் போர்ட்டை டைம்வெயிட் (காத்திருப்பு) நிலையில் பிடித்து வைத்திருக்கும், மூல விதிப்படி 4 நிமிடம் வரை. இணைப்புகளைக் காட்டும் நெட்ஸ்டாட்டில் 11 வரியும் டைம்வெயிட் என்று நின்றன. இப்போது எல்லாச் சீட்டையும் ஒரே ஜாபாகச் சேர்த்து, பிரிண்டர் நேரடியாகத் தரவு வாங்கும் 9100 போர்ட்டுக்கு அனுப்புகிறோம். எல்பிடியால் அவதிப்படுகிறவர்கள் எல்லாரும் 9100-க்கு மாறிவிடுங்கள், வேலை சுலபம்.

லைன்பிரிண்டர்_காலம்:

மாசக்கடைசிக்கு: உங்களைக் காப்பாற்றியது ஒரே ஜாபாகச் சேர்த்தது. 9100 இல்லை. எல்லாரையும் அங்கே போகச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

9100 வெறும் குழாய். யார் அனுப்பினார்கள், ஜாப் பெயர் என்ன என்று எதுவும் அதில் கிடையாது. சர்வர் ‘முடிந்தது’ என்று எழுதினால், பைட்டுகள் பிரிண்டரின் நினைவகத்துக்குப் போய்ச் சேர்ந்தன என்று மட்டுமே பொருள். தாள் வெளியே வந்ததா என்று யாருக்கும் தெரியாது. பல பிரிண்ட் சர்வர்களில் 9100 ஒரு நேரத்தில் ஒரே இணைப்பைத்தான் எடுக்கும். எங்கள் லேபிள் பிரிண்டரில் யாரோ ஒருவருடைய விண்டோஸ் கணினி இணைப்பை மூடாமல் பிடித்துக்கொண்டு இருந்தது. யூனிக்ஸ் பக்கம் முழுக்க ‘இணைப்பு மறுக்கப்பட்டது’. மருந்துப் பெட்டிகள் லேபிள் இல்லாமல் கன்வேயர் ஓரமாக அடுக்கிக் கிடந்தன, டெலிவரி வண்டிகள் வெளியே நின்றன. அவர் மதியம் சாப்பிடக் கிளம்பும்போது கணினியை நிறுத்தியதும் லேபிள் கொட்ட ஆரம்பித்தது.

இன்னொன்றையும் மறக்கிறார்கள். எல்பிடியில் க்யூ (அச்சு வரிசை) பெயரைக் கொண்டே வேலை வாங்கலாம். பிரிண்டரை நெட்வொர்க்கில் இணைக்கும் ஜெட்டைரக்ட் அட்டையில் ‘டெக்ஸ்ட்’ என்ற க்யூவுக்கு அனுப்பினால், யூனிக்ஸ் வரி முடிவில் இல்லாத கேரேஜ் ரிட்டர்னை (வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் குறியை) அதுவே சேர்த்துவிடும், வரிகள் படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் சரியாது. ‘ரா’ க்யூவுக்கு அனுப்பினால் எதையும் தொடாது. 9100-க்குப் போனால் அந்த வசதி போய்விடும், பிரிண்டர் மொழியான பிசிஎல்லில் எஸ்கேப் ஆம்பர்சண்ட் கே 2 ஜி என்று நீங்களே முன்னால் சேர்க்க வேண்டும். எல்பிடியை ஒழுங்காக அமைத்துப் பாருங்கள், விதியிலுள்ள 11 போர்ட்டைத் தாண்டி எடுக்கப் பல கிளையன்ட்களில் அமைப்பு உண்டு. அதைத் தேடாமல் நெறிமுறையையே தூக்கிப் போடச் சொல்வது சரியில்லை.

மாசக்கடைசி:

எங்கள் கிளையன்ட்டில் அந்த அமைப்பு இல்லை. இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். வாசலில் நூற்றுக்கணக்கான பேர் சம்பள சீட்டுக்கு நிற்கும்போது நெறிமுறையின் மானத்தைக் காப்பாற்ற முடியாது, அண்ணே.

ஏ4_மட்டும்:

குவைத் கிளை. அமெரிக்க மென்பொருள் தொகுப்பு ஒன்றை ஏஐஎக்ஸில் (ஐபிஎம்மின் யூனிக்ஸ்) நிறுவியிருந்தார்கள். அது எல்லா ஜாபின் தொடக்கத்திலும் எஸ்கேப் ஆம்பர்சண்ட் எல் 2 ஏ என்று அனுப்பும், அதாவது லெட்டர் தாள். குவைத்தில் லெட்டர் தாள் ஏது? ட்ரேயில் ஏ4. அதனால் ஒவ்வொரு ஜாபுக்கும் பிரிண்டர் நின்று, லெட்டர் தாள் போடச் சொல்லும். அங்கே இருந்த பெரியவர் ஒருவர் அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்துவதைத் தன் வேலையில் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தபோது பொத்தானின் எழுத்தே தேய்ந்து அழிந்திருந்தது. யாரிடமும் புகார் சொன்னதில்லை, எந்த டிக்கெட்டும் இல்லை. 2-ஐ 26 ஆக மாற்றினால் ஏ4. அவ்வளவுதான் வேலை.

ஆய்வகம்_இரவு:

மருத்துவமனை. ஆய்வக சர்வருக்குப் புது ஐபி கொடுத்தார்கள். ஐசியு பிரிண்டர் ஒரு பழைய பிஎஸ்டி (இதுவும் ஒரு யூனிக்ஸ் வகை) பெட்டியின் எல்பிடி வழியாக ஓடுவது. இரவு முடிவுகள் எதுவும் மேலே போகவில்லை. ஆய்வகத்து டெக்னீஷியன் பொட்டாசியம் அளவைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு மூன்று மாடி ஓடினார், மூச்சிரைக்க இறங்கிவந்து அடுத்ததை எழுதினார். அவர் படியில் ஓடும் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அனுப்பும் பக்கத்துப் பதிவில் ‘உங்கள் முகவரிக்கு உரிய பெயர் தெரியவில்லை’ என்ற பொருளில் ஒரு வரி. புது ஐபிக்கு பெயர்-முகவரிப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் தலைகீழ்ப் பதிவு (ஐபியிலிருந்து பெயரைச் சொல்வது) இல்லை. அதைச் சேர்த்தால் அடுத்த மறுப்பு: ‘உங்கள் கணினிக்கு லைன் பிரிண்டர் அனுமதி இல்லை’. தலைகீழ்ப் பதிவு முழு டொமைன் பெயரைத் தருகிறது, அனுமதிப் பட்டியலான ஹோஸ்ட்ஸ்.எல்பிடி கோப்பில் இருப்பதோ குறும்பெயர். அதையும் சேர்த்த பிறகுதான் தாள் வந்தது. ஐபி மாற்றும் படிவத்தில் ‘எந்தெந்த பிரிண்டர்’ என்று ஒரு கட்டம் இப்போது இருக்கிறது. நான் பிடிவாதமாக வைக்கச் சொன்னது.

கப்ஸ்_நண்பன்:

என் கதை சின்னது. இரவில் நெட்வொர்க் லைன் ஒரு நிமிடம் அறுந்தது, காலையில் க்யூ நின்றிருந்தது, கிளை மேலாளர் கொதித்துப்போய் அழைத்தார்.

ஆனால் மேலே படித்ததில் யாரும் அடிப்படையைச் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். எல்பிஸ்டாட் டி போட்டு இரண்டு விஷயத்தைத் தனித்தனியே பாருங்கள். அக்செப்ட், ரிஜெக்ட் என்பது க்யூவுக்குள் ஜாபை வாங்குவதா என்பது. எனேபிள், டிசேபிள் என்பது வாங்கியதை வெளியே தள்ளுவதா என்பது. ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை மறப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கப்ஸில் (இன்றைய யூனிக்ஸ், லினக்ஸ் அச்சு அமைப்பு) கப்ஸ்எனேபிள் என்றே தட்டுங்கள், வெறும் எனேபிள் என்றால் பாஷ் ஷெல்லின் சொந்தக் கட்டளை ஓடிவிடும், பிரிண்டர் திறக்காது. தொலைதூர பிரிண்டருக்குப் பிழைக் கொள்கையை ‘ஸ்டாப் பிரிண்டர்’ என்று விடவே விடாதீர்கள், ‘ரீட்ரை ஜாப்’ வையுங்கள், லைன் வந்ததும் தானாகத் தொடரும். காரணம் தெரியாவிட்டால் பதிவின் விவர அளவான லாக்லெவலை டீபக் ஆக்கி எரர்லாக்கைப் படியுங்கள், வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் வட்டின் வார் பகுதி நிரம்பி ஸ்பூலும் (ஜாப்கள் காத்திருக்கும் இடம்) நின்றுவிடலாம். பிரிண்ட்கேப் (பிரிண்டர் அமைப்புக் கோப்பு) வைத்திருக்கும் பழைய பெட்டி என்றால் அதில் எம்எக்ஸ் (கோப்பின் உச்ச அளவு) மதிப்பைப் பாருங்கள். இயல்பாக 1000 பிளாக், அதற்கு மேல் உள்ள கோப்பு வெட்டுப்படும். பெரிய அறிக்கையின் கடைசிப் பக்கங்கள் மட்டும் காணோம் என்றால் அதுதான். பூஜ்யம் வைத்தால் வரம்பு இல்லை.

ஓசூர்_கிடங்கு:

கப்ஸ்_நண்பன், பாதிக்கு மேல் பயனுள்ளது, நன்றி. ஆனால் நான் சொன்ன மாதிரி சிக்கலில் ‘ரீட்ரை ஜாப்’ உதவாது. பெரிய ஜாப் ஒருநாளும் போகாது, ஒவ்வொரு முயற்சியும் தொங்கிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் பின்னால் நிற்கும் கேட் பாஸும் போகாது. முதலில் பிங்கில் ‘துண்டாக்காதே’ போட்டு 1472 பைட் போகிறதா என்று பாருங்கள். தலைப்பு 28 சேர்த்தால் 1500. போகவில்லை என்றால் போகும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள்.

பயோமெட்ரிக்:

காலை 8 மணி வரை அச்சு வரும், அப்புறம் விட்டு விட்டு வரும், சாயங்காலம் மறுபடி சரியாகும். எங்கள் திருப்பூர் யூனிட். மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லை. அதே பிரிவில் இருந்த யூனிக்ஸ் பெட்டியில் எந்த ஐபி எந்தக் கருவிக்கு என்று காட்டும் ஏஆர்பி அட்டவணையைப் பார்த்தபோது பிரிண்டரின் ஐபிக்கு ஒரு தடவை ஒரு மேக் (வன்பொருள்) முகவரி, கொஞ்சம் கழித்து வேறொன்று. இரண்டாவதன் முதல் ஆறு இலக்கம் பிரிண்டர் தயாரிப்பாளருடையது இல்லை. வாசலில் வருகைப்பதிவுக் கருவியை காவலாளி காலையில் சுவிட்ச் போடுவார், இரவு நிறுத்துவார். அதில் யாரோ கையால் அதே ஐபியைப் போட்டிருந்தார்கள். கருவிக்கு வேறு ஐபி கொடுத்தோம், பிரிண்டரை டிஹெச்சிபி (தானாக ஐபி கொடுக்கும்) வரம்புக்கு வெளியே எடுத்து, மேக் முகவரியோடு பதிவேட்டில் எழுதி வைத்தோம்.