புதுப்பிப்பு: ஒஹாயோவில் விற்பனைக்கு வந்த 1965 பியூக் ரிவியரா

ரிவியராவின் கூடுதல் சக்தி கொண்ட வகையான கிரான் ஸ்போர்ட் என்று சொல்லி விற்கப்படும் இந்தக் காரை நம்பலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். நேற்று நேரில் பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்னபடி எஞ்சினில் பொறித்த எழுத்துகளைத்தான் முதலில் தேடினேன். எல்எக்ஸ்! கிரான் ஸ்போர்ட் எஞ்சினின் குறியீடு அதுதான்: இரட்டை கார்புரேட்டர், 425 கன அங்குலக் கொள்ளளவு, 360 குதிரைத்திறன். எஞ்சின் உண்மையானதுதான்.

முன்விளக்குகளை மறைக்கும், சிப்பி போலத் திறந்து மூடும் மூடிகள் பாதியில் நிற்கின்றன. 1963 மாடலுக்கே திட்டமிட்டு, இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போய் வந்தவை அவை. அந்த அழகுக்காகவே எத்தனை நாள் ஆனாலும் உட்கார்ந்து சரிசெய்வேன்.

கவலை அடிச்சட்டத்தில். பின்சக்கரத்தருகே துரு, தட்டினால் உதிர்கிறது. விற்பவர் சொல்லவே இல்லை. சனிக்கிழமை வெல்டிங் தெரிந்த நண்பருடன் மறுபடி போகிறேன். அதுவரை முன்பணம் கிடையாது.