யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில பொங்கலுக்கு நடக்கிற பட்டத் திருவிழா: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கோ

கொக்குவில்காரன்:

2024 பொங்கல் திங்கக்கிழமை வந்தது, சனி ஞாயிறோட மூண்டு நாள் லீவு. மகளைக் கூட்டிக்கொண்டு போனன். தொண்டைமானாத்துக்கு அங்கால அரக்கேலாத சனம், மோட்டச்சைக்கிளை ஒரு வளவுக்குள்ள விட்டிட்டு நடை. அதை விடுங்கோ, எல்லாருக்கும் தெரிஞ்சது தானே.

உதயசூரியன் கடற்கரையில எனக்குப் பக்கத்தில நிண்ட பெடியனுக்கு ஒரு பதினைஞ்சு வயது இருக்கும். ஆளை விடப் பெரிய கப்பல் பட்டம், மூண்டு பாய்மரம். பக்கவாட்டில "அன்னபூரணி" எண்டு வெள்ளைத் தாளில எழுத்தெழுத்தா வெட்டி ஒட்டியிருந்தான். பசை காயேல்லைப் போல, ஏத்தேக்கயே கடைசி "ணி" கழண்டு எங்கட தலைக்கு மேலால போச்சு. பட்டம் நல்லா ஏறிட்டுது. கூட வந்த பெடியளைக் காணேல்லை. "அண்ணை, ஒருக்காப் பிடியுங்கோ, தள்ளி நிண்டு முச்சையைப் பாத்திட்டு வாறன்" எண்டு கயித்தை என்ர கையில தந்திட்டான். முச்சை எண்டா பட்டத்தில கயித்தைப் பூட்டுற நூல்க்கட்டு. அவன்ர கையில சாரத் துண்டு சுத்தியிருந்தது. நான் வெறுங்கை.

பத்துச் செக்கன் கூட இராது. வாடைக் காத்து ஒரு இழுவை இழுத்தது, நைலோன் கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடிச்சுது, விட்டிட்டன். கயித்து நுனியில கட்டியிருந்த தடி சனத்தின்ர காலுக்குள்ளால துள்ளித் துள்ளிப் போனது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

பெடியன் ஏசேல்லை. "கை எரியுதோ அண்ணை?" எண்டு கேட்டு, தன்ர சாரத் துண்டைக் கழட்டி என்னட்டத் தந்திட்டு பட்டத்துக்குப் பின்னால ஓடினான். பிறகு ஆளைக் காணேல்லை. அந்தத் துண்டு இண்டைக்கும் என்ர மோட்டச்சைக்கிள் பெட்டிக்குள்ள கிடக்குது. ஏசியிருந்தா எப்பவோ மறந்திருப்பன்.

தீவான்:

பட்டம் கடலுக்குள்ள போயிருக்கும், இனி யோசிச்சு என்ன. ஆனா பிழை உங்களில தான் அண்ணை. பெரிய பட்டத்துக் கயித்தை வெறுங்கையால ஆரும் வாங்குவினமோ? கையுறை போடோணும், இல்லாட்டி தடிச்ச துணி. கயித்தைக் கையில சுத்தவே கூடாது. பிடிக்கேக்க ரெண்டு பேர் முன்னுக்கு, ஒருத்தர் பின்னுக்கு, விடுறதெண்டா எல்லாரும் ஒண்டா விடோணும். 2021 டிசம்பரில வடமராட்சியில ஒரு பெடியன் கயித்தோட மேல போன வீடியோவை உலகமே பாத்தது. மற்ற ஆக்கள் கையை விட்டிட்டினம், அவன் விடேல்லை, அவ்வளவு தான் நடந்தது. மின்சார வயர் இருக்கிற இடத்தில ஏத்தாதேங்கோ. பலாலிப் பக்கம் பிளேன் இறங்குது, அங்கயும் ஏத்தாதேங்கோ. ஈரக் கயித்தை எடுக்காதேங்கோ. சின்னப் பிள்ளையளைக் கயித்துக்குப் பக்கத்தில விடாதேங்கோ, கழுத்து அறுக்கும்.

என்ர அனுபவம்: ஒருக்காப் போனன், வெயில், வந்திட்டன்.

ரொறன்ரோவில இருந்து:

எங்கட வீடு பொலிகண்டி. 2023 இல கைக்குழந்தையோட போய் நிண்டனான், பொங்கல் ஞாயிற்றுக்கிழமை. கடற்கரையை விட எனக்கு இரவு தான் பிரச்சினை. முன்வீட்டுத் தம்பி எட்டுமூலைப் பட்டம் ஒண்டை ஏத்தி, லைற்றும் பூட்டி, கயித்தைத் தென்னையில கட்டிப்போட்டுப் படுக்கப் போட்டான். பட்டத்தில கட்டியிருந்த விண், காத்தில அதிர்ந்து சத்தம் போடுற நார், விடிய விடியக் கூவினது. விண் கூவுறதெண்டா தெரியும் தானே, ஒரே சுருதி, காத்து ஏறேக்க வீரிட்டு, இறங்கேக்க முனகும். பிள்ளை நித்திரை இல்லை. ரெண்டாம் இரவு நான் போய்க் கேட்டன். ஒரு கதையும் கதைக்காமல் இறக்கிட்டான்.

பிள்ளை நித்திரையாப் போச்சு. ரெண்டு மணிக்கு அம்மா எழும்பி முத்தத்தில நிக்கிறா. என்னம்மா எண்டு கேட்டா, "உந்தப் பட்டத்தை ஆரடி இறக்கச் சொன்னது? எனக்கு நித்திரை வருதில்லை" எண்டுறா. அப்பா செத்த பிறகு கார்த்திகை தொட்டுத் தை வரைக்கும் அம்மாவுக்கு அந்தச் சத்தம் தானாம் துணை. நான் தான் இறக்கச் சொன்னனான் எண்டு இண்டு வரைக்கும் சொல்லேல்லை. முன்வீட்டுத் தம்பிக்குத் தான் ஏச்சு விழுந்தது.

கச்சான் கடை:

சனம் அண்ணாந்து பாத்துக்கொண்டு தான் காசு தரும். நானும் அண்ணாந்து பாத்துக்கொண்டு தான் வாங்குவன். ஒரு முறை வீட்ட போய் எண்ணேக்க நூறு ரூபாத் தாளுகளுக்குள்ள ஒரு 5000. மம்மல் வெளிச்சத்தில ரெண்டும் ஒரே நிறம் மாதிரித் தான். அடுத்த வருசமும் அதே இடத்தில கடை போட்டன். ஒருத்தரும் கேட்டு வரேல்லை. இஞ்ச ஆருமெண்டா, என்ன வாங்கினீங்கள் எண்டு சொல்லுங்கோ, திருப்பித் தாறன்.

தீவான்:

இப்பிடிக் கேட்டா ஊரே வரும் அண்ணை.

ஊறணிக் கரை:

தீவான் தம்பி, பட்டம் கடலுக்குள்ள போச்சு எண்டு எழுதினீர் பாரும், அதில நிண்டிட்டன். எங்கட கரை வடக்குப் பாத்த கரை. பொங்கலுக்கு அடிக்கிறது வாடை, கடலில இருந்து ஊருக்குள்ள அடிக்கிற காத்து. கரையில நிண்டு ஏத்தினா பட்டம் ஊருக்கு மேல தான் நிக்கும், அறுந்தா பனையில, கூரையில, வயரில விழும். கடலில விழுறதுக்குச் சோளகம், தெற்குப் பக்கத்தால கடலுக்கு அடிக்கிற காத்து, வரோணும். முச்சை எண்டா என்னெண்டு தெரியாத ஆக்கள் கையுறைக்குப் பாடம் எடுக்கினம்.

அந்தப் பெடியன் கப்பல் கட்டினதிலயும் காரணம் இருக்கு. அன்னபூரணி எங்கட ஊரில கட்டின பாய்க்கப்பல், வெள்ளைக்காரன் ஒருத்தன் வாங்கி, 1938 இல அமெரிக்காவில குளொஸ்டர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஓட்டினது எங்கட ஊர் ஆக்கள். இஞ்ச பிறந்த பிள்ளைக்கு அது கேட்டு வளந்த கதை.

கொக்குவில் அண்ணை, அந்த வருசம் எங்கட மாமி வீட்டுக் கோழிக்கூட்டுக்கு மேல கப்பல் பட்டம் ஒண்டு விழுந்தது. ஒரு பாய்மரம் முறிவு. பக்கத்தில "அன்னபூர" எண்டு மட்டும் இருந்தது. உதென்ன பேரெண்டு அப்ப எல்லாரும் சிரிச்சனாங்கள்.

கொக்குவில்காரன்:

உண்மையாவோ? பெடியன் தேடி வந்தவனோ?

ஊறணிக் கரை:

விளக்கு வைக்கிற நேரம் வந்தவன். கூட்டுக்கு மேல ஏறி அவனே இறக்கினவன். மாமி பொங்கல் குடுத்தவ, ரெண்டு தரம் வாங்கித் திண்டவன். கப்பலைத் தலையில வைச்சுக்கொண்டு ஒழுங்கையால நடந்து போனவன். எந்த வீட்டுப் பிள்ளை எண்டு மாமியை விசாரிச்சுச் சொல்லுறன், நீங்கள் அந்தத் துண்டைத் தோச்சு வையுங்கோ.